ஒட்டாத கல்லும் மெர்போக் கூண்டும்

இந்தத் தேயிலை மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பது வருஷம் தாண்டியும் எனக்குப் பழகாத ஒன்று, ஜன்னலை மூடிக்கொண்டு சமைப்பது. முசிறியில் எங்கள் அடுப்படிக்குக் கதவே கிடையாது. புகை தன்பாட்டுக்குத் தெருவுக்குப் போய்விடும். இங்கே தோட்டத்து லய வீட்டில் காலையில் ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து ஆள் மாதிரி பாயில் படுத்துக்கொள்ளும். அதனால் மூடியேதான் இருக்கும்.

பொங்கலுக்கு மகள் ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் வாங்கி வந்தாள். புதுக் கல்லை நம் ஊரில் எப்படிப் பழக்குவோம் என்று உங்களுக்குத் தெரியும். வெறுங்கல்லைப் புகை எழும்பும்வரை காயவிட்டு, எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் தேய்க்கவேண்டும். அம்மா அப்படித்தான் செய்வாள். மகள் ஊருக்குப் போனபிறகு நானும் அப்படியே செய்தேன்.

அந்த வாரம் பக்கத்து வீட்டு மலாய்க்காரி காக் மிலாவின் மெர்போக் புறா என் அடுப்படியில் தொங்கியது. தன் மகளின் பிரசவம் பார்க்கப் போகும்போது என்னை நம்பிக் கூண்டைக் கொடுத்திருந்தார். செத்துப்போன கணவர் வளர்த்த பறவை. அது கூவினால் அவர் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்பார்.

கல் காய்ந்தது. தீய்ந்த வாடைகூடப் பெரிதாக இல்லை. தொண்டையில் லேசாக ஒரு கசப்பு, அவ்வளவுதான். கூவிக்கொண்டிருந்த பறவை பாதியில் நிறுத்தியது. திரும்பிப் பார்த்தேன். கூண்டின் தரையில் கிடந்தது.

சாயங்காலம் எனக்கும் குளிர்காய்ச்சல். எதிர் லயத்துப் பாக்கியம் கற்பூரம் சுற்றினாள். "காத்து கருப்பு பூந்துருச்சுக்கா. ஜன்னல தொறந்துறாத லா" என்றாள்.

மகள் போனில் ஒன்றுதான் கேட்டாள். "வெறுங்கல்லயா காய வச்சீங்க?" அளவுக்கு மீறிக் காய்ந்தால் அந்தக் கறுப்புப் பூச்சு ஆவி விடுமாம், பறவையின் நெஞ்சு தாங்காதாம். கல்லை ஓடையில் எறியட்டுமா என்றேன். வேண்டாம், அந்தப் பூச்சு மக்கவே மக்காது என்றாள். எங்கள் ஓடை பெர்த்தாம் காய்கறித் தோட்டங்கள் பக்கம் இறங்குகிறது. அங்கே விளையும் கீரையைத்தான் நாங்கள் தின்கிறோம்.

காக் மிலா திரும்பி வந்ததும் ஒரு கையில் காலிக் கூண்டும் மறு கையில் கல்லுமாகப் போய் நின்றேன். என் மலாய் கடைக்கும் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கும்தான் போதும். "சாயா சாலா" என்றேன், என் தப்பு என்று. கூண்டைப் பார்த்து அழுதார். பிறகு என் கையைப் பிடித்து, "தாக் அப்பா லா, அக்கா", பரவாயில்லை என்று சொல்லி, நான் காட்டக் கொண்டுபோன கல்லை வாங்கிக்கொண்டார். பறவைக்கு ஈடாகத் தருகிறேன் என்று நினைத்துவிட்டார். பிறவியிலேயே கூச்சக்காரி நான், வாய் வரவில்லை.

மறுநாள் காலை பலகைச் சுவருக்கு அப்பால் அடுப்புப் பற்றும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. நேரமாகியும் எண்ணெய் சீறவில்லை. வெறுங்கல் காய்கிறது என்று புரிந்து வெறுங்காலோடு ஓடினேன். அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தேன். பனி வந்தது. மலாய் வரவில்லை, எல்லாம் தமிழிலேயே கொட்டியது.

"நாந்தாங்க கொன்னேன். இந்தக் கல்லுதான். எங்கம்மா மாதிரி காய வச்சேன்."

கல்லைப் பார்த்தார். காலிக் கூண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணியால் கல்லைப் பிடித்து வெளியே வைத்தார். இந்த முறை தாக் அப்பா என்று சொல்லவில்லை.

கல் இன்னும் இரண்டு வாசலுக்கும் நடுவில் கிடக்கிறது. அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. இரவுப் பனி அதில் தண்ணீராகத் தேங்குகிறது. சில காலைகளில் ஏதோ ஒரு காட்டுப் பறவை வந்து குடிக்கிறது. அப்போது அவர் ஜன்னலில் அவரும் என் ஜன்னலில் நானும் நிற்போம். அது பறந்து போகும்வரை எனக்கு மூச்சு வராது.