அடித்தால் எடுக்கக்கூடாது

எனக்குப் பயம் ஜாஸ்தி. லைன்மேனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அது இல்லாமல் எப்படி? கடலூரில் என் வீட்டுக்காரர் கம்பம் ஏறுவார். சிதம்பரத்தில் நான் எம்.இ. வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, மனுஷன் இறங்கிவிட்டாரா என்று நகத்தைக் கடிப்பேன். இறங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அது வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

என் புராஜெக்டும் போன் சம்பந்தப்பட்டதுதான். டவர் ஓயாமல் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். எது யாருக்கு என்று மேலே எழுதியிருக்காது. ஒவ்வொரு போனும் வருவதையெல்லாம் பிரித்துப் பார்த்து, இது எனக்கா, இது எனக்கா என்று தேடவேண்டும். முக்கால்வாசி அடுத்தவருடையதாக இருக்கும். நாம் பேசாமல் வைத்திருந்தாலும் சார்ஜ் கரைவதற்கு இந்த வெட்டி வேலையும் ஒரு காரணம். இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் மட்டும் பார், மற்றபடி தூங்கு என்று போனுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கம்ப்யூட்டரில் அது அழகாக ஓடியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

2011 முடிகிற சமயத்தில் புயல் அடித்தது. கடலூரில் நின்ற கம்பத்தைவிட விழுந்த கம்பம் அதிகம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரி மரங்கள் வேரோடு கம்பிகளின்மேல் கிடந்தன. அவருக்கு விடிந்தால் வேலை, இருட்டினால்தான் ஓய்வு. இரண்டு ஊரிலும் கரண்ட் இல்லை. எங்காவது ஜெனரேட்டர் ஓடும் கடையில் கெஞ்சி ஏற்றிவந்த சார்ஜை வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் இரண்டு பேரும் அணைத்து வைத்திருக்கும் போனை ஆன் செய்யவேண்டும். அவர் மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். நான் எடுக்கக்கூடாது, பேசினால் சார்ஜ் போய்விடும். உடனே அணைத்துவிடவேண்டும்.

"கம்பத்து மேல நின்னுக்கினு மணியா பாத்துக்கினு இருப்பேன்?" என்றார்.

"எறங்கினப்புறம் வர்ற மணிக்குக் குடு மாமா. அதுவரைக்கும் உயிரக் கையில புடிச்சிக்கினு இருக்கேன்."

"சரி சரி, எங்கூட்டு டவர் சொன்னா கேட்டுத்தானே ஆவணும்."

ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் நான் பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ! எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுவேன். அவர் இருப்பதோ கடலூரில்! "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கூடத் தங்கியிருந்த தோழி கிண்டல் செய்வாள்.

அன்றைக்குக் காலையில் இரண்டு மணி நேரமாகச் சத்தமே இல்லை. பன்னிரண்டுக்குப் போனை ஆன் செய்தேன். சட்டென்று அடித்தது. அவர் பெயர்தான். அப்பாடா! ஆனால் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. "எத்தனை தபா சொல்றது இந்த மனுஷனுக்கு" என்று எரிச்சலோடு நானே கட் செய்து, அணைத்து வைத்தேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டேன். "இப்பதான்டி உன் மூஞ்சில ரத்தமே வருது" என்றாள் தோழி. ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு மணிக்கு ஆன் செய்ததும் மறுபடி அடித்தது. கட் செய்தேன். திரும்பவும் அடித்தது.

"எடுடி, இன்னாவோ இருக்கு" என்றாள் தோழி. எடுத்தேன்.

அவரோடு கம்பம் ஏறும் அண்ணனின் குரல். "தங்கச்சி, லைன் ஆஃப்லதாம்மா இருந்துச்சு. எவனோ மெயின நிறுத்தாம வூட்ல ஜெனரேட்டர் போட்டுட்டான். அந்தக் கரண்ட்டு திரும்பி லைன்ல ஏறிடுச்சு. கீழ எறக்கறப்ப நெனவு இருந்துச்சு. உங்கிட்ட பேசணும்னாரு. ஒடனே போடறேன்னேன். வேணாம், இப்ப அவ போன் அணைஞ்சிருக்கும், பன்னெண்டு ஆவட்டும்னாரு. ஆட்டோல போறப்ப மணியக் கேட்டுக்கினே வந்தாரு. பன்னெண்டுக்கு நான்தான் போட்டு அவர் காதுல வெச்சேன். கட் ஆயிடுச்சு. மறுபடி போட்டா சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சும்மா."

"அண்ணே, இப்ப அவர்கிட்ட குடுங்க. நான் கட் பண்ணமாட்டேன்" என்றேன்.

அண்ணன் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.