டேப் வாடகை

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டராக இருந்தேன். பேராக் மாநிலத்தில் சிதறிக் கிடந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் சம்பளக் கணக்கெல்லாம் எங்கள் மாடியறையில் இருந்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கில்தான் இருந்தது. அதைத் தினமும் மாலையில் டேப் சுருள்களில் பிரதி எடுத்து, இரும்பு அலமாரியில் அடுக்குவது என் வேலை. டிஸ்க் கெட்டுப்போனால் டேப் காப்பாற்றும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு ஏர்கண்டிஷன் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்க்கும் உத்தியோகம். செமோர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த உறவினர்கள் எனக்கு நெஞ்சுச்சளி என்றே நம்பினார்கள்.

என் மனைவி அதே கட்டடத்தில், கீழ்மாடியில், சம்பளப் பிரிவின் தலைமை கிளார்க். காலையில் ஒரே கப்சாய் மோட்டார் சைக்கிளில் வருவோம். மாலையில் ஒன்றாகவே திரும்புவோம்.

எங்கள் மேனேஜர் ஒருமுறை கோலாலம்பூரில் ஏதோ ஹோட்டலில் நடந்த பயிற்சிக்குப் போய், வேறு ஆளாகத் திரும்பி வந்தார். இனி இந்தக் கட்டடத்தில் நமக்குச் சக ஊழியர்கள் கிடையாது, எல்லாரும் கிளையண்ட் என்றார். எந்தப் பிரிவு எத்தனை டேப் வைத்திருக்கிறதோ அதற்கேற்ப வாடகை கட்ட வேண்டும். காசு கம்பெனியை விட்டு வெளியே போகாது. ஒரே சட்டையின் இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். ஆனால் பில் உண்டு, ரசீது உண்டு, தாமதமானால் அபராதமும் உண்டு. எனக்கு ஒரு டை கட்டிவிட்டு, ‘கிளையண்டுகளுக்கு’ விளக்கிச் சொல்ல அனுப்பினார்.

முதலில் மனைவியின் மேசைக்குப் போனேன். அவள் விலைப்பட்டியலைப் படித்துவிட்டு, “தெனமும் எடுக்கிறத நிறுத்திடுங்க. மாசக் கடைசியில ஒரு டேப் போதும்” என்றாள்.

“சம்பளக் கணக்குமா? தோட்டத்துல எங்கக்கா சம்பளமும் அதுலதான் இருக்கு.”

“தெரியும். எங்க பாஸ் செலவ கொறைன்னு சொல்றாரு. உங்க பாஸ் வெலய ஏத்துறாரு. நான் என்ன செய்யட்டும்?”

“வீட்டுல போயி பேசிக்கலாம்.”

“அஞ்சு மணி வரைக்கும் நான் கிளையண்ட்லா. எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். ஐந்து மணிக்குப் பிறகு மோட்டாரிலும் வீட்டிலும் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

இந்த நோய் மற்ற பிரிவுகளுக்கும் பரவியது. கட்டடப் பிரிவு எங்கள் டேப் அலமாரி நிற்கும் இடத்துக்கு வாடகை கேட்டது. மின்சாரப் பிரிவு ஏர்கண்டிஷனுக்குத் தனி பில் அனுப்பியது. ஆபீஸில் தேத்தண்ணி கொண்டுவரும் அம்மா மட்டும் யாருக்கும் பில் அனுப்பவில்லை. அவரிடம் டைப்ரைட்டர் இல்லை.

பிறகொரு மதியம், ஈப்போவில் வழக்கமாக அடிக்கும் இடிமழையில், டிஸ்க் செத்துப்போனது. கோலாலம்பூரிலிருந்து வந்த டெக்னீசியன் அதைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டான். மாதம் முடியப் போகிற நேரம். அந்த மாதத்தில் தோட்டத்து ஆள்கள் செய்த வேலை எதற்கும் டேப் கிடையாது.

தோட்டத்துக் கணக்கர்களான கிராணிமார் எழுதிவைத்திருந்த செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடுகளை லாரியில் வரவழைத்தார்கள். என் மனைவியும் அவளது பிரிவுப் பெண்களும் அத்தனையையும் மறுபடி உட்கார்ந்து அடித்தார்கள். நான் பக்கத்துக் கடையில் மீ நூடுல்ஸைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு ஓடினேன். விரல்கள் வீங்கிய ஒரு பெண் ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அடித்தாள். சம்பளம் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் எங்கள் மேனேஜர் சம்பளப் பிரிவுக்கு ஒரு பில் அனுப்பினார்: ‘தரவு மீட்புச் சேவை.’ மீட்டவர்களுக்கே பில். அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் மேனேஜருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் பிரிவு எங்களுக்கே கிளையண்ட் இல்லை என்பதால், எங்கள் கணக்குக்கு டேப் எடுக்க யாரும் காசு கட்டவில்லை. அவர் அனுப்பிய பில்களெல்லாம் டிஸ்க்கோடு போய்விட்டன. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை. கீழ்மாடிக்கு வந்து, எல்லாப் பிரிவுகளிலும் இருக்கும் பில்களைச் சேர்த்துப் பார்த்து அடித்துத் தர முடியுமா என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் அடித்துத் தந்தாள். கூடவே ஒரு பில்லும் தந்தாள். அவசர வேலை, ஞாயிற்றுக்கிழமை விகிதம்.

மேனேஜர் அதை இரண்டு தரம் புரட்டினார். “என்னம்மா இது, நாம எல்லாம் ஒரே கம்பெனிதானே?”

“இல்ல சார். நீங்க எங்களுக்கு கிளையண்ட்.”

விவகாரம் ஜெனரல் மேனேஜர் வரை போனது. திட்டம் கைவிடப்படும் என்று நினைத்தோம். இரண்டு பில்களும் செல்லும் என்று அவர் கையெழுத்துப் போட்டார். பிரிவுகளுக்கிடையே ஓடும் பில்களைக் கவனிக்கத் தனியாக ஒரு கிளார்க்கையும் நியமித்தார். சம்பளக் கணக்குக்குத் தினசரி டேப் ‘சிறப்புச் சலுகை’யாகத் திரும்பி வந்தது. பில்களுக்கான டேப்புகள் பெருகி, சீக்கிரமே இன்னொரு அலமாரி வாங்க வேண்டி வந்தது.

கிறிஸ்மஸுக்கு என் அக்கா தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப எங்க சம்பளம் அந்த மாசம் காத்துலயா இருந்துச்சு?”

“அப்படித்தான்.”

“நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? பேசி முடிச்சிருக்கலாம்லா.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் அக்காவின் தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைத்தாள்.