நான் வரைந்த நாலு வீடுகள்

அந்தச் சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு நான் தங்கையின் படத்தைத் திருத்தத் தொடங்கினேன். பதினொரு மணிக்குத் தோட்டத்தை நடத்தும் தொரை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தூரிகையைத் தொட்டேன்; அதனால் நேரம் மறக்கவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. மாத்தளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மண் சரிந்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் பாதியைக் கொண்டுபோய் மூன்று மாதமாகியிருந்தது. எங்கள் ஒற்றை அறைக் காம்பரா போயிற்று. கூடவே இருந்த அத்தையும் போய்விட்டார். மண்ணுக்குள்ளிருந்து தங்கையை மட்டும் இழுத்தெடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் தங்கியிருந்தோம்.

சனிக்கிழமைகளில் கண்டியிலிருந்து ஒரு சிங்கள மிஸ் சாயமும் தாளும் கொண்டு வருவார். "விருப்பமானது வரையுங்க" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். இதற்காகவா பஸ் ஏறி வருகிறார் என்று பெரியவர்கள் சிரித்தார்கள். நான் வாராவாரம் ஓட்டு வீடு, இரண்டு மலை, நடுவில் சூரியன் என்று வரைந்து பாராட்டு வாங்கினேன். ஓட்டு வீட்டில் நாங்கள் ஒருநாளும் குடியிருந்ததில்லை. தங்கை தாள் முழுக்கச் செம்மண் நிறத்தை அப்புவாள். ஒரு மூலையில் மட்டும் விரலளவு வெள்ளையாக விட்டுவிடுவாள்.

இத்தனை வருடம் கழித்து இப்போது, போன பெருமழைக்குப் பிறகு, என் மகனும் அதே ஓட்டு வீட்டைத்தான் வரைகிறான். "கெட்டிக்காரப் பையன், பயமே இல்ல" என்கிறார்கள். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

மிஸ் வரத் தொடங்கிய நாலாவது வாரம், அந்தச் சனிக்கிழமை, படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தொரைக்குக் காட்டப்போகிறார்கள் என்றதும் அம்மா பயந்துவிட்டார். பேசாத பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து எங்கோ விடுதிக்கு அனுப்புகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரியின் மகள் வேறு, "ஐயே, ஒந் தங்கச்சி இன்னைக்கும் சேறுதான் பூசியிருக்கா. தொரை பாத்தா பைத்தியம்னு வேன்ல ஏத்திருவாரு" என்றாள்.

தங்கை தண்ணீர் மாற்றப் போன நேரத்தில், அவளைக் காப்பாற்றும் அவசரத்தில், அந்த வாரத்து என் ஓட்டு வீட்டை அந்தச் சேற்றின் மேலேயே வரைந்தேன். மூலையிலிருந்த வெள்ளையை நீல வானமாக்கினேன். அவள் திரும்பி வந்து பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர் டின்னைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தொரை வந்தார், தேநீர் குடித்தார், படங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனார். பன்னிரண்டு மணிவரை தங்கையைத் தேடினோம். அம்மா சரிந்த மண்மேட்டுப் பக்கம் கத்திக்கொண்டே ஓடினார். நான் எல்லோரும் குளிக்கும் பீலிக்குப் போனேன். தண்ணீர் விழும் கல்லுக்குப் பின்னால் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"வாடி, அம்மா அழுவுறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ அத்த கைய மூடிட்ட."

மூன்று மாதத்துக்குப் பின் அவள் பேசியது அதுதான். என்ன சொன்னாள் என்று நான் யோசிக்கவேயில்லை. "அம்மா, பேசிட்டா! பாப்பா பேசிட்டா!" என்று துள்ளிக் குதித்தேன். என் படம்தான் அவளைப் பேசவைத்தது என்ற பெருமை வேறு.

முதலில் வந்து சேர்ந்தவர் மிஸ். சேலை நனைய, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம்தான் திரும்பினார். நாலு வாரத்தில் நாலு வீடு வரைந்து முடித்திருந்த என்னிடம் அவர் கேட்டார்:

"பெரிய மகள், நீங்க எப்ப உங்க வீட்ட வரையப்போறது?"