முழங்காலில் ஸ்ரீசூர்ணம்

என் தங்கையின் முழங்கால் புண்ணைக் கழுவாமல், அழுக்கோடு மூடி மறைத்தவன் நான். அதற்காக அவள் அடி வாங்கியபோது நாலடி தள்ளி நின்று பேசாமல் இருந்தேன். எழுபத்திரண்டு வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லப் பொறுமை இல்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்போது எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஆறு. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. அப்பா ஆபீஸிலிருந்து திரும்பி, கோயிலுக்கு நடந்து கிளம்பிவிட்டால் அவருடைய சைக்கிள் சும்மா நிற்கும். அதைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. தொடாமல் இருக்க முடியாது என்பது என் கை காலின் சுபாவம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தங்கை பார்த்துவிட்டாள்.

"என்னையும் ஏத்திக்கோ. இல்லேன்னா அப்பாகிட்ட சொல்லுவேன்."

குரங்குப் பெடல் போடுகிறவன் பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? தெருமுனை வரை போனோம். அங்கே ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் சாய்ந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. அவள் முழங்கால் தோல் உரிந்து, மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டி, அதற்கு நடுவிலிருந்து ரத்தம் மெதுவாக வந்தது.

என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, கல்லை எடுத்து, சோப்புப் போட்டு, சுத்தமான துணி கட்டினால் நாலு நாளில் காய்ந்துவிடும். ஆனால் கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். சமையலறையில் அம்மா இருந்தாள். தண்ணீர் பட்டால் இவள் அலறுவாள். சைக்கிள் விஷயம் வெளியே வரும். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் முக்கொம்பு அணைக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள். அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அப்பா தினமும் காலையில் நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் திருமண் இட்டுக்கொள்வார். வெள்ளைக்கு நடுவே இழுக்கிற சிவப்புப் பொடிதான் ஸ்ரீசூர்ணம். அவருடைய பெட்டியிலிருந்து அதை எடுத்து, உள்ளங்கையில் குழைத்து, அவள் புண்ணின்மேல் அப்பினேன். சிவப்பின்மேல் சிவப்பு தெரியாது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இது பெருமாள் மருந்து. தண்ணி படக் கூடாது. யார்கிட்டயாவது சொன்னா ஆறாது," என்றேன்.

தலையாட்டினாள்.

மறுநாள் காலை தானே குளித்துக்கொள்வதாகப் பிடிவாதம் பிடித்தாள். "மகாராணி தானே தீர்த்தமாடிப்பாளாம்!" என்று அம்மா சிரித்தாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒரு காலைத் தள்ளி நீட்டிக்கொண்டு, அதன்மேல் ஒரு சொட்டும் தெறிக்காமல் சொம்பைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பாவாடை முழங்காலை மறைத்துவிட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூலில் கணக்கு ஓடவில்லை. வந்ததும் வராததுமாக அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்ப் பார்ப்பேன். வியாழக்கிழமை ஓரம் வீங்கியிருந்தது. ஒரு வாடை வந்தது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஸ்ரீசூர்ணம் அப்பினேன். முக்கொம்புக்கு இன்னும் இரண்டு நாள் என்பதுதான் என் எண்ணம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் நொண்டுவதை அப்பா கவனித்துவிட்டார். பாவாடையை ஒதுக்கிப் பார்த்தவர் முகம் மாறியது.

"ஸ்ரீசூர்ணமா? காலிலயா? என்ன அபசாரம் இது! யாருடி பூசினது?"

பெருமாளுடைய சின்னத்தை இடுப்புக்குக் கீழே வைப்பது எங்கள் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தங்கை என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மறுநாளைக்கான பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

"கேக்கறேனோல்லியோ? விளையாட்டா உனக்கு?"

கன்னத்தில் ஓர் அறை. பிறகுதான் அப்பாவின் கை அந்தக் காலைத் தொட்டது. உடனே பின்வாங்கியது. "கொதிக்கறதே," என்றார் அம்மாவிடம், வேறு யாருடைய குரலிலோ.

நான் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

சனிக்கிழமை அவளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் முக்கொம்புக்குப் போனேன். எல்லோரும் மணலில் ஓடினார்கள், நானும் ஓடினேன். யாரோ கூப்பிட்ட மாதிரி நின்று நின்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தாள். "சுரண்டி எடுத்தார். மூணு பேர் பிடிச்சுண்டோம்," என்றாள் அம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்து மதகுகளைப் பற்றியும் தண்ணீர் விழுகிற சத்தத்தைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் புண் ஆறியது. மறந்துவிட்டாள் என்றும் நினைத்தேன்.

அப்பா எண்பத்தொரு வயது வரை இருந்தார். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்து, வேறு பேச்சுப் பேசினேன். தங்கையின் பிள்ளைகள் விழுந்து வாரினால் பஞ்சும் மருந்துமாக ஓடினேன். அதைப் பிராயச்சித்தம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் எடமலைப்பட்டி புதூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவள் பேத்தி வாசலில் காலால் தள்ளுகிற குழந்தை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தாள். முழங்கால்தான். குழாயடியில் உட்காரவைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, நனைத்த துணியால் ஒவ்வொரு மணலாக எடுத்தேன்.

"தாத்தா, எரியறது! போறும்!"

"இன்னும் கொஞ்சம்டா கண்ணா."

"டாக்டருக்கா படிச்சே?" என்றாள் தங்கை கதவில் சாய்ந்து. "கணக்கு வாத்தியாருக்கு வந்த வாழ்வைப் பாரு!"

கட்டுப் போட்டுவிட்டுக் குழந்தையை உள்ளே அனுப்பினேன். கை ஈரமாக இருந்தது. துடைக்கவில்லை.

"அன்னிக்கு அப்பாகிட்ட நான் சொல்லியிருக்கணும். சைக்கிளை எடுத்தது, ஸ்ரீசூர்ணம் பூசினது, எல்லாம் நான்தான்னு."

எந்தக் காலத்துக் கதை, விடு என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழாயை இறுக்கி மூடினாள்.

"பெருமாள் மருந்துன்னு நம்பித்தான் பேசாம இருந்தேன்னு நினைச்சியா? ரெண்டு நாள்லயே தெரிஞ்சுடுத்து, மருந்து இல்லைன்னு. அப்பா கேட்டப்போ நீ சொல்லுவேன்னு இருந்தேன். அடிச்சப்புறமாவது சொல்லுவேன்னு இருந்தேன். முக்கொம்புலேர்ந்து வந்து சொல்லுவேன்னு வாசலையே பார்த்துண்டு கிடந்தேன். அப்பா இருந்த வரைக்கும் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பார்க்கலை. வா, சாதம் ஆறிப்போறது."

எப்போதும்போலப் பரிமாறினாள். ரசம் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொள்ளச் சொன்னாள். நானும் சாப்பிட்டேன்.

காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும் என்றிருந்தும், ஆறு வயதுக் குழந்தை அதைச் சொல்லாமல், நானே சொல்லட்டும் என்று எனக்கென்று விட்டுவைத்தாள். அவள் பயந்துவிட்டாள் என்றுதான் அந்தப் பதினொரு வயதுப் பையன் நினைத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமே இல்லை. "சீட்டு இருக்கே, உட்காருங்க சார்," என்றார் கண்டக்டர். காவேரிப் பாலம் தாண்டும் வரை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.