ஆணியில் தொங்கிய இடது கால்

தையற்கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியில் இடுப்புக்கு மேலேதான் பார்த்துக்கொள்வார்கள். இடுப்புக்குக் கீழே பார்க்கிற வேலை தையற்காரனுடையது. என் கடையில் மாட்டியிருந்ததும் அரை ஆள் கண்ணாடிதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருந்தேன். சீசனுக்கு வருகிறவர்களுக்குக் கோட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிபாரம் என்றுதான் ஆரம்பம். பிறகு மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்குக் குளிர், மழை, மண் சரிந்த வளைவு, சைலன்சர், சங்கிலி எல்லாமே காலைத்தான் குறி வைக்கும். ஆனால் சட்டைக் காலரைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற மனுஷன், காலுக்கு என்று வந்ததும் "ஏதாச்சும் ஒண்ணு தச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்ப்பான். எனக்கு அங்கேயே கோபம் வரும். இதைப் படிக்கிறவர்களில் சைலன்சரில் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் மறைத்தவர்கள் இருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு இருங்கள்.

நிற்க வைத்து எடுத்த அளவு

முதலில் வந்தவர் கம்பவுண்டர் சவரிமுத்து. மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். கெட்டியான கால்சட்டை வேண்டும் என்றார். நல்ல காக்கி டிரில் துணியில், ஷூவின் மேல் விழுகிற மாதிரி இறக்கித் தைத்துக் கொடுத்தேன். கடை நடுவில் அவர் நின்றபோது போலீஸ் இன்ஸ்பெக்டர் தோற்றார். என் வேலையை நானே இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தேன்.

நாலாம் நாள் நொண்டிக்கொண்டு வந்தார். வலது கெண்டைக்காலில் வெற்றிலை அகலத்துக்குத் தோல் வெந்து கிடந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கால்சட்டை ஒரு சாண் மேலே ஏறியிருக்கிறது. சைலன்சருக்குப் பக்கத்தில் இருந்தது வெறுங்கால். நாள் முழுக்க உட்கார்ந்து போகப் போகிற ஆளை நிற்க வைத்து அளவெடுத்திருக்கிறேன். பதினைந்து வருஷம் கத்தரி பிடித்தவன் செய்கிற காரியமா இது? எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர் பெஞ்சில் காலை நீட்டி, தன் பெட்டியிலிருந்தே களிம்பை எடுத்துத் தடவிக்கொண்டு சொன்னார்: "மருந்து எங்கிட்டயே கெடக்கு ராவுத்தரே, அதப் பத்திக் கவலைப்படாதீங்க. அடுத்தவனுக்கு எடுக்கையில மட்டும் அவன உக்கார வச்சு எடுங்க."

பீப்பாய் சவாரி

மறுநாளே ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து, படுக்க வைத்து, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, மேலே பழைய கம்பளியை மடித்துப் போட்டேன். மோட்டார் சைக்கிள்காரர் யார் வந்தாலும் அதன் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். ஹாண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்ட வேண்டும். நான் தரையில் மண்டியிட்டு, மடக்கிய முழங்கால் மேலாக டேப்பை ஓட்டி அளவெடுப்பேன். கெண்டைக்காலுக்கு இரட்டைத் துணி, கணுக்காலில் இறுக்கிக் கட்ட ஒரு வார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடை பஜாரின் நடு மத்தியில் இருந்தது. காய்கறி வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு ஆபீசர் பீப்பாயைப் பார்த்ததும் "அப்புறம் வர்றேன்" என்று போனவர் போனவர்தான். எனக்குச் சமமாக இன்னொரு மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவர் என் மனைவியின் அண்ணன் அபுபக்கர். என்னை விட இரண்டு வயது மூத்தவர், வாயும் இரண்டு முழம் நீளம். ஊசியில் நூல் கோத்தபடி, தலையைத் தூக்காமலே கேட்டார்: "மச்சான், போர்டுல தையற்கடைன்னு இருக்குறத அழிச்சிட்டு, குதிரை லாயம்னு எழுதிருவமா?"

கழற்ற வராத கால்

ஆடலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார் டேனியல். அவருக்குத் தோலில்தான் வேண்டும். எந்தத் துரையையோ பார்த்திருக்கிறார். "இந்த மலையில வருஷத்துல பாதி நாள் ஈரம். தோல் தண்ணியக் குடிக்கும், அப்புறம் எளவு குடுக்கும்" என்றேன். கேட்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து நல்ல தோலாக வரவழைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் அச்சாகத் தைத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் ராஜநடை.

மழை பிடித்தது. ஒருநாள் முழுக்க நனைந்துவிட்டு, அப்படியே அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிக் காய்ந்திருக்கிறார். தோல் சுருங்கிக் காலோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் வெள்ளனே ஒரு லாரியில் நின்றுகொண்டே வந்து இறங்கினார், உட்கார வழியில்லை. அபுபக்கர் அவர் தோளைப் பிடிக்க, நான் பாதத்தைப் பிடித்து இழுக்க, மனுஷன்தான் நீண்டார், தோல் அசையவில்லை. வெந்நீர் ஊற்றி, விளக்கெண்ணெய் தடவி, கடைசியில் நான் போட்ட தையலை நானே பிளேடால் பிரித்தேன். நல்ல தையல், பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகு தோலைக் கையால் தொடவில்லை. வெளியே மெழுகு தேய்த்த கூடாரத் துணி, உள்ளே கம்பளி, முழங்காலுக்கு இரண்டு மடங்கு என்று முடிவு செய்துகொண்டேன். டேனியல் வேட்டி ஒன்று இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிரித்துப் போட்ட தோலை அன்போடு பார்த்தார்: "தோல் நல்ல தோலுதான் ராவுத்தரே. மாட்டுக்குப் பொருந்துனது எனக்குப் பொருந்தல."

ஒத்தக் கால் போதும்

வேலுச்சாமி மேல்மலையில் பூண்டு போடுகிறவர். அவர் ஊரில் முதல் மோட்டார் சைக்கிள் அவருடையது. வேட்டியோடுதான் ஓட்டுவார். ஒருநாள் அவர் மனைவி பாப்பாத்தி தனியாக பஸ்ஸில் வந்து, என் வெட்டு மேஜை மேல் மூன்று வேட்டிகளை விரித்துப் போட்டார். மூன்றிலும் இடது ஓரம் கடித்துக் குதறிய மாதிரி கிழிந்து, கிரீஸ் கருப்பாக அப்பியிருந்தது. சங்கிலியின் வேலை. "ஒவ்வொண்ணும் அவரு பொழச்சு வந்த நாளுண்ணே. நாலாவது வேட்டிய நான் இப்படி எடுத்துட்டு வர முடியுமோ என்னமோ" என்றார்.

பேண்ட் தைத்துத் தருகிறேன் என்றதற்குத் தலையாட்டி மறுத்தார். அவர்கள் ஊர்க் கூட்டத்தில் வேட்டி கட்டியவர்தான் முன்னால் உட்கார்ந்து பேசலாம். பேண்ட் போட்டவன் உத்தியோகக்காரன், வெளியாள். பின்னால் நிற்க வேண்டியதுதான். வேலுச்சாமி முன்வரிசை மனுஷர்.

நான் மூன்று நாள் யோசித்தேன். பாப்பாத்தி கையால் காட்டிவிட்டுப் போன உயரத்தை வைத்து, இரண்டு கால்களையும் தனித்தனியாக, குழாய் மாதிரி தைத்தேன். மேலே நாடா, அதை அரைஞாண் கயிற்றோடு முடிந்துகொண்டு, வேட்டியை மடித்து மேலே கட்டிக்கொள்ளலாம். ஊர் எல்லையில் இரண்டு முடிச்சை அவிழ்த்தால் பழைய வேலுச்சாமி. என் தொழிலில் நான் கர்வப்பட்ட வேலை என்றால் அது ஒன்றுதான்.

வேலுச்சாமி வந்தார், பீப்பாயில் உட்கார்ந்தார், இரண்டையும் மாட்டிப் பார்த்தார். அரை ஆள் கண்ணாடியில் கால் தெரியாததால் முக்காலி மேல் ஏறி நின்றும் பார்த்தார். இறங்கி, இடது காலை மட்டும் அவிழ்த்து மேஜையில் வைத்தார். சூடு வலது பக்கம்தானே, வேட்டியை இனி இறுக்கிச் செருகிக்கொள்கிறேன் என்றார். விழுகிறபோது வண்டி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு விழாது என்று சண்டை போட்டேன். அவர் சிரித்தார். அன்று சீசன் கூட்டம். நாலு பேர் வாசலில் நின்றார்கள். சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. வலது காலை மட்டும் மாட்டிக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பியபடி அவர் சொன்னார்: "ஒத்தக் கால்ல மாட்டுனா, ஏதோ அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கான்னு போயிருவாங்க. ரெண்டு கால்லயும் மாட்டுனா அது பேண்டுதான் ராவுத்தரே, நீங்க என்ன பேரு வச்சாலும்."

தொங்கட்டும்

இடது காலை மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தேன். சீசனுக்கு வந்த ஒரு அம்மாள், குடை போட்டு வைக்கிற பையா என்று விலை கேட்டார். ஒற்றைக் கால் ஆளுக்குத் தைத்ததா என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. வேலுச்சாமி வாரம் ஒரு தடவை அந்த வழியாகப் போவார். நான் ஆணியைக் கை காட்டுவேன். அவர் வலது காலைத் தூக்கி, துணியில் சைலன்சர் கருக்கிய இடத்தைக் காட்டி, "பாத்தீங்களா, காப்பாத்திருச்சுல்ல" என்று எனக்கே என் சாமானின் பெருமையைச் சொல்லிவிட்டுப் போவார்.

ஒருமுறை பாப்பாத்தியும் கூட வந்தார். புருஷன் வெளியே வண்டியோடு நிற்க, உள்ளே வந்து அந்தத் துணியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன். வீட்டில் வைத்தால் அவர் பூண்டுச் சாக்கின் வாயைக் கட்ட எடுத்துவிடுவார் என்று தலையாட்டினார். போகும்போது திரும்பிச் சொன்னார்: "இங்கனயே தொங்கட்டும்ணே. அவரு மனசு மாறுற அன்னைக்கு வெரசா எடுத்துக்கிடலாம்ல."

இடது பக்கம்

ஐப்பசி மழையில் ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டில் பரவியிருந்தது. வேலுச்சாமியின் வண்டி வழுக்கி இடது பக்கம் சாய்ந்து, அவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் முட்டி நின்றது. வலது காலில் ஒரு கீறல் இல்லை. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். அபுபக்கர் ஆணியிலிருந்ததை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். நான் அதை எடுத்து மறுபடி ஆணியிலேயே மாட்டினேன். அது என் கண்ணில் படட்டும் என்றுதான். கூடாரத் துணியும் கம்பளியும் அந்த முழங்காலைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. இரண்டு மடங்கு தைத்திருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

மாசியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார், கையில் கம்பு, பக்கத்தில் பாப்பாத்தி. காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். முழங்கால் மட்டும் இனி மடங்காது. ஊர்க் கூட்டத்தில் தரையில் உட்கார முடியாததால் தனக்கென்று முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பாப்பாத்தி சிரிக்கவில்லை. இனி வண்டியை மைத்துனர் ஓட்டுவார், இவர் பின்சீட்டு. நீட்டிய காலை வைத்துக்கொள்ளக் கொல்லனிடம் ஓர் இரும்புப் படி அடித்து மாட்டியாகிவிட்டது. "அந்த எடது காலக் குடுங்க ராவுத்தரே" என்றார்.

ஆணியிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தேன். மடங்கிய முழங்காலுக்கு வெட்டியது. நீட்டிய காலில் தொளதொளவென்று பையாகத் தொங்கியது. புது அளவு எடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பீப்பாயை உருட்டி அவர் முன்னால் கொண்டு வந்துவிட்டேன். கொண்டு வந்த பிறகுதான் நான் செய்த காரியம் உறைத்தது. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் வழியில்லை. வேலுச்சாமி பீப்பாயைக் கம்பால் மெல்லத் தள்ளிவிட்டு, கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நேராக நின்றார்: "இந்தக் காலுக்கு நிக்க வச்சே எடுங்க ராவுத்தரே. உக்காந்தாலும் நின்னாலும் இனி ஒரே நீளந்தான்."

அந்த வாரமே அரை ஆள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டினேன், கடையை மூடுகிற வரைக்கும் வந்தவர்கள் எல்லாரும் அதிலும் இடுப்புக்கு மேலேதான் பார்த்துக்கொண்டார்கள்.