வெண்ணெயில் வதக்கிய சிவப்புக் கோவா

எனக்குச் சந்தேகப் புத்தி. நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்த மாதிரி இருக்கக் கூடாது. பிஸ்கட் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கடைசி வரி வரை வாசிக்காமல் கூடைக்குள் போடமாட்டேன். ஜெலட்டின் என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை இனிப்புகளைத் திரும்ப வைத்திருக்கிறேன்!

சும்மா இல்லை, நேர்த்திக்கடன். என் தம்பி அகதியாகப் படகில் வந்தவன். அவனுக்கு நிரந்தர விசா கிடைக்கும் வரை மச்சம் தொடமாட்டேன் என்று சிட்னியில் மேய்ஸ் ஹில் கோயில் முருகனுக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லை. எட்டு வருஷம் ஓடிவிட்டது.

இப்படிப்பட்டவளின் தம்பிக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள், ஒரு ஜெர்மன் சாப்பாட்டுக்கடையின் குசினி. சிட்னியில் வேறு குசினியே இல்லையா? கோப்பை கழுவப் போனவன் மெல்ல மெல்லச் சமைக்கப் பழகிவிட்டான். அந்தச் சமையலில் பன்றி எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. உருளைக்கிழங்கு சலாட் என்பார்கள், அடியில் பேக்கன் துண்டு கிடக்கும். கோவா என்கிற முட்டைக்கோசைப் புளிக்கவைத்திருப்பார்கள், அதற்குள் சொசேஜ் புதைந்திருக்கும். ஸ்பெட்ஸ்லே என்று ஒன்று, எங்கள் இடியப்ப மாவைப் பிழையாகப் பிழிந்த மாதிரி இருக்கும். ஆசையாகக் கையை நீட்டினால், மாவு முழுக்க முட்டை. கறுத்தக் கேக்கை மோந்து பார்த்தேன், செர்ரிச் சாராயம்!

எனக்கென்று அங்கே இருந்தது சிவப்புக் கோவா ஒன்றுதான். அப்பிளும் கராம்பும் போட்டு, புளிப்பும் இனிப்புமாக வதக்குவார்கள். மற்றவர்களுக்கு அதில் வாத்துக் கொழுப்பு. எனக்குத் தம்பி தனிச் சட்டியில் வெண்ணெய் போட்டு வதக்குவான். கிண்டுவதற்குத் தனிக் கரண்டி, கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியது. அதை வேறு யாராவது தொட்டால் சண்டைக்குப் போவானாம். அப்படியும் ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், "எதிலை வதக்கினது?" அவனும் சலிக்காமல், "வெண்ணெயிலை அக்கா, சத்தியமா" என்பான்.

அந்தக் கடையில் ஒவ்வொரு மேசையிலும் தட்டுக்குக் கீழே ஒரு கடதாசி விரித்திருக்கும். அதில் ஜெர்மனியின் படம், ஊர் ஊராக என்ன சாப்பிட வேண்டும், என்ன குடிக்க வேண்டும் என்று. வடக்கே மீன், தெற்கே பிரெட்சல் ரொட்டி, அங்கங்கே பியர்க் குவளைகள். பயணம் போகிறவர்கள் தவறவிடக் கூடாதவை என்று மேலே கொட்டை எழுத்து. எங்கள் அம்மா அங்கேதான் இருக்கிறா, பெரியண்ணனோடு. இருபது வருஷமாக ஜெர்மனியில் இருந்தும் அந்தக் கடதாசியில் உள்ள ஒன்றையாவது அம்மா வாயில் வைத்திருப்பாவா என்பது சந்தேகம், இன்றைக்கும் புட்டுத்தான். அம்மா ஊருக்கு வந்துபோனபோது தம்பி அவவை நேரில் பார்த்தது, அதுவும் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால். இருக்கிற தற்காலிக விசாவோடு வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஜெர்மனிக்குப் போய்வந்த வெள்ளைக்காரர்கள் அவனிடமே வந்து, அங்கே சாப்பிட்டதை விட உன் சமையல் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அழைத்தான். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டாயம் கடைக்கு வாங்கோ."

கட்டாயம் என்று அவன் சொல்கிறவனே இல்லை. ஏதோ இருக்கிறது என்று அப்போதே மனம் சொல்லியது. "என்னடா விசயம்?" என்றால், "வாங்கோவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போய், நெற்றியில் திருநீற்றோடு நேரே கடைக்குப் போனேன். முதலாளியம்மா ஒரு வயதான ஜெர்மன்காரி. வழக்கமாக என்னைக் கண்டால் கட்டிப்பிடித்து, என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவா. அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கறுப்பாக நுரைத்த ஒரு போத்தலைக் கொண்டுவந்து வைத்து, இது மோல்ட், மதுசாரம் இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டா. நிறத்தைப் பார்த்தால் பியர், மணத்தைப் பார்த்தால் பியர். போத்தலைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தேன். அவ சொன்னது சரிதான். ஆனாலும் ஏன் ஓடினா?

தம்பி குசினியிலிருந்து தானே ஒரு சாப்பாட்டுக் கோப்பையை ஏந்திக்கொண்டு வந்தான். கோப்பை நிறையப் பொன்னிறத்தில் ஒரு ஷ்னிட்சல், ரொட்டித்தூளில் பிரட்டிப் பொரித்த இறைச்சி, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு.

"பண்டியும் இல்லை, மாடும் இல்லை. உங்களுக்கெண்டு கோழியிலை செய்தனான். சாப்பிடுங்கோ அக்கா."

எட்டு வருஷம் எனக்குக் காவல் நின்றவன், கரண்டிக்கு டேப் சுற்றியவன், தன் கையாலேயே எனக்குக் கோழி வைக்கிறான் என்றால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான். விசா! அதுதான் கட்டாயம் வரச் சொன்னான், அதுதான் முதலாளியம்மா முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினா. இவ்வளவு சந்தேகப்படுகிறவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சந்தேகம்கூட வரவில்லை பாருங்கள்.

"முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வெட்டி வாயில் வைத்தேன். மொறுமொறு என்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல ருசி. பாதியைச் சாப்பிட்டுவிட்டேன். அவன் முன்னால் கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடிதம் வந்திட்டுது அக்கா."

"தெரியுமடா! கோப்பையைக் கண்டவுடனை விளங்கீட்டுது. அம்மாவுக்குச் சொல்லிப்போட்டியே?"

"இல்லை அக்கா," என்றான். "தரமாட்டினமாம்."

வாயில் இருந்த துண்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எப்ப வந்தது?"

"செவ்வாய்க்கிழமை."

"பிறகேனடா எனக்குக் கோழியைத் தந்தனி?"

அவன் மேசைக் கடதாசியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "டொக்டர் உங்களுக்கு இரத்தம் காணாது எண்டு சொன்னவர் எல்லே. இதைச் சொன்னா நீங்கள் இன்னும் எட்டு வருஷத்துக்கு இந்தக் கோவாவோடை கிடப்பியள். காணும், போதும் அக்கா. நேர்த்தியை முறிச்சது நான், நீங்கள் இல்லை. முருகன் என்னைக் கேக்கட்டும்."

"விசரா!" என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் பியர்க் குவளையோடு திரும்பிப் பார்த்தார். "முருகனுக்கும் எனக்கும் உள்ள அலுவலுக்குள்ளை நீ ஆரடா?"

எனக்கு அழுகை வந்தது. கோபத்திலா, அவன் மெலிந்த கழுத்தைப் பார்த்தா என்று தெரியவில்லை. எழுந்து கழிவறைக்குப் போய் வாயை மூன்று முறை கொப்பளித்தேன். கண்ணாடியில் பார்த்தால் திருநீறு அழியாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவாமல் திரும்பி வந்தேன். அவன் அதே கதிரையில் இருந்தான்.

"முறையீடு போடலாமோ?"

"போடலாம் எண்டு என்ரை கேசைப் பாக்கிற லோயர் அன்ரி சொன்னவ. எத்தினை வருஷம் எடுக்குமோ தெரியாதாம்."

"போடு," என்றேன். மிச்ச ஷ்னிட்சலை அவன் பக்கம் தள்ளினேன். "இதை நீ சாப்பிடு. எனக்குக் கோவாவைக் கொண்டா."

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, வேண்டாம் அக்கா."

"எதிலை வதக்கினது?"

ஷ்னிட்சல் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னான், "வெண்ணெயிலை. சத்தியமா."

இன்றைக்கு என்னை ஏமாற்றியவன். நான் எப்படி நம்புவேன்?

"கரண்டியைக் கொண்டுவந்து காட்டு," என்றேன்.

உள்ளே போய் எடுத்துவந்து காட்டினான். நான் எப்படியும் கோவா கேட்பேன் என்று தெரிந்து, சிவப்பு டேப்பை அன்றைக்குத்தான் புதிதாகச் சுற்றி வைத்திருந்தான்.