சிமெண்டு லயத்துக்கு ஒரு மர நிலை

மழை இருட்டினால் அண்ணி முதலில் பாயைச் சுருட்டுவார். எங்கள் லயத்து வீட்டின் அத்தாப்பு ஓலைக் கூரை எந்தெந்த மூலையில் ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பலகைச் சுவரின் ஈரத்துக்கு ஒதுங்க மூலையே கிடையாது. அவருடைய முதல் குழந்தை அந்த ஈரத்தில்தான் சளிக்காய்ச்சல் கண்டு இறந்தது. அவர் மறுபடி பிள்ளையுண்டாகியிருந்த வருஷம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்க வரிசை வீடாகச் சிமெண்டு லயம் கட்டினார்கள்.

அதற்காக ஈப்போவிலிருந்து ஓவர்சியர் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல உயரம். காம்பார்ப் பக்கம் கைவிட்ட லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், மலைமலையாய்க் கிடந்த மணலை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, சிமெண்டு கலந்து, இரும்பு அச்சில் இடித்து, நடுவே பொந்து விட்ட கற்களாக வார்க்கச் செய்தார். செங்கல்லைவிட மலிவு, பொந்து இருப்பதால் வெக்கையும் ஈரமும் உள்ளே இறங்காது என்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், அங்கே தினமும் வேலைக்கு வந்த ஆட்களுக்கு ஏட்டில் பேர் போடும் வேலை எனக்குக் கிடைத்தது. ஈரச்சாக்கு போர்த்திய கற்களை வேலை முடிந்தும் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தோட்டத்து ஜனங்களுக்கெல்லாம் ஒருநாள் இப்படி வீடு வரும் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

கறையானுக்குப் பயந்து ஐயா வாசல் நிலையைக்கூடச் சிமெண்டிலேயே வார்த்துவிட்டார். அங்கேதான் பிசகியது. மர நிலை நிறுத்தி, மஞ்சள் பூசி, பூஜை போடாத வீட்டில் யார் விளக்கேற்றுவார்கள்? "நெல வக்காத வூடு பொணக் கெடங்குலா" என்று கங்காணி சொன்ன பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. மாதக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் அதை ரப்பர் ஷீட் அடுக்கும் கிடங்காக்கிவிடுவதாகவும், இனி லயமெல்லாம் பழையபடி பலகைதான் என்றும் தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

அண்ணனும் ஒப்பவில்லை. "புள்ளத்தாச்சிய அங்க கூட்டிட்டுப் போயி ஏதாச்சும் ஆயிட்டா?"

"இங்க இருந்து ஆனது போதாதா?" என்றார் அண்ணி.

மறுநாள் பால்வெட்டு முடிந்ததும் வாளியோடு நேரே ஓவர்சியர் முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, உள்ளாற ஒரு மர நெல வச்சுக் குடுங்க. நான் குடி வாரேன்."

"பிள்ளை, கறையான் அரிச்சுப்போடும். அதுக்குத்தானே சீமெந்தில செய்தனான்."

"அரிச்சா அரிக்கட்டும். நெலய மாத்திக்கலாம். செவுத்த அது என்னா பண்ணும்?"

ஐயா என் பக்கம் திரும்பினார். "எங்க அண்ணி சொன்னா சொன்னதுதாங்க" என்றேன். "உன்னைக் கேட்டனானோ?" என்றார். ஆனாலும் தச்சருக்கு ஆள் அனுப்பினார்.

சிமெண்டு நிலைக்குள் மர நிலை ஏறியது. அண்ணி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மாவிலை கட்டினார். தேங்காய் உடைக்க முதல் ஆளாய் வந்து நின்றவர் கங்காணிதான்.

"பொணக் கெடங்குக்கு எதுக்குங்க தேங்கா?" என்று கேட்டார் அண்ணி.

"இப்பதான் வூடாயிருச்சே!"

மாதம் முடிவதற்குள் மற்றவர்களும் மர நிலை கேட்டு வாங்கிக் குடியேற, வீடுகளெல்லாம் நிறைந்தன.

நான் இப்போது ஈப்போவில் கட்டட வேலைகளைப் பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். புது லயங்களுக்கு மர நிலையின் அளவையும் சேர்த்தே வாசல் வைக்கிறோம். அந்த முதல் லயத்தில் மட்டும், நிலைக்குள் நிலை வைத்ததால் வாசல் தாழ்ந்துவிட்டது. அண்ணிக்குக் குழந்தை பிறந்த புதிதில், அடைமழையில் அதைப் பார்க்க வந்த ஓவர்சியர் ஐயா நெற்றியில் இடித்துக்கொண்டார். "குனிஞ்சு வாங்கய்யா" என்று அண்ணி சொல்வதற்குள் இடித்தாயிற்று. அவர் நெற்றியைத் தேய்த்தபடி உள்ளே வந்து, தொட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு கையைத் திருப்பி அண்ணியிடம் காட்டினார். காய்ந்திருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, குழந்தை விழிக்கவில்லை.